எடுப்புச் சாப்பாடு

என் முன்னால் போட்ட இலையை அந்த மனிதர் எடுத்துவிட்டார்.

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து முடித்திருந்தேன். ஓரத்தில் உப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வழக்கம்போல நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டேன். சோற்று வாளியோடு சப்ளையர் இரண்டு மேசை தள்ளி வந்துகொண்டிருந்தார். அப்போது கல்லாவிலிருந்து முதலாளி கோவிந்தசாமி எழுந்து வந்தார். இலையின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினார். உப்பு என் மடியில் கொட்டியது.

“பின்னால சந்துல வாங்கிக்குங்க டீச்சரம்மா. எப்பவும் அங்கதான வாங்குவீங்க?” என்றார்.

“இங்க உக்காந்து சாப்ட்டா இன்னாங்க?”

“தனியா வர்ற பொம்பளைய உக்கார வச்சி சோறு போட்டா என் ஓட்டலுக்கு இன்னா பேரு வரும்? நாலு பேரு இன்னா நெனப்பாங்க?”

நாலு பேர் இல்லை, முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் ஆண்கள். எல்லார் கையும் இலையிலேயே நின்றுவிட்டது. அவர்களில் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ராமலிங்கம். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ரசம் ஓடிவிடாமல் சோற்றைச் சுற்றிப் பாத்தி கட்டத் தொடங்கினார்.

நான் எழுந்து புடவையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். சனிக்கிழமை மதியம். எதிரே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அதைவிட நான் வெந்துகொண்டிருந்தேன்.

வாசகர் ஒருவருக்கு

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகர் ஒருவர் போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். ‘நீங்கள் அறுபதுகளில் செஞ்சியில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்துக் கடைத்தெரு ஓட்டல் சாப்பாட்டின் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. அந்த வாழையிலை, அந்த சாம்பார், அந்த உபசரிப்பு! அதைப் பற்றி நீங்கள் ஏன் எழுதக் கூடாது?’

எழுதுகிறேன் ஐயா. மணம் இருந்தது உண்மைதான். பெருங்காயமும் பருப்பும் கொதிக்கும் மணம் தெருமுனை வரைக்கும் வரும். நீங்கள் அதை முன்வாசலில் நின்று முகர்ந்திருக்கிறீர்கள். நான் பின்சந்தில் நின்று முகர்ந்தேன். அங்கே அதோடு வேறு நாற்றமும் சேர்ந்து வரும். எச்சில் இலை கொட்டும் தொட்டி அங்கேதான் இருந்தது.

உபசரிப்பைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன்.

அடுப்பு கூடாத அறை

முதலில் நான் ஏன் ஓட்டல் வாசலுக்குப் போனேன் என்று சொல்லிவிட வேண்டும். அப்போது பலரும் என்னைக் கேட்ட கேள்வி அது. சமைத்துச் சாப்பிடத் தெரியாதா? பொம்பளைதானே?

சமைக்கத் தெரியும். எட்டு வயதில் கேழ்வரகுக் களி கிண்டியவள் நான். பனமலை ஏரிக்கு அப்பால் இருக்கிறது எங்கள் கிராமம். மாதா கோயிலைச் சுற்றி அறுபது எழுபது வீடுகள், எல்லாரும் விவசாயம். எங்கள் ஊரிலிருந்து டீச்சர் டிரெயினிங் முடித்த முதல் பெண் நான். செஞ்சியில் வேலை கிடைத்தபோது என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, புது மாடு வாங்கியவர் போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். “எங்க லூர்துமேரிக்கு கவர்மெண்டு வேல.”

வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? கடைசியில் கடைத்தெருவில் ஒரு வியாபாரி வீட்டில் முன்பக்க அறை ஒன்று கொடுத்தார்கள். அந்த வீட்டம்மா கெட்டவள் இல்லை. ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

“நாங்க சைவம். நீங்க வேதக்காரங்க. கருவாடு அது இதுன்னு சமைப்பீங்க. அதனால ரூம்ல அடுப்பு மட்டும் மூட்டக் கூடாது.”

“நான் கருவாடு சமைக்க மாட்டேங்க.”

“இன்னிக்கி மாட்டேன்னுவீங்க. அப்பறம் நாக்கு கேக்காதா? அடுப்பே வேணாம், அதான் நல்லது.”

ஆக, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு மண்பானைத் தண்ணீர், சுவரில் ஒரு ஜெபமாலை. இதுதான் என் குடித்தனம். காலையில் ரொட்டியும் வாழைப்பழமும். மதியத்துக்கும் ராத்திரிக்கும் ஓட்டலை விட்டால் வேறு கதி இல்லை.

நைனா எங்கள் கொல்லையில் விளைந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு முறை ஒரு கோணியில் கட்டிக்கொண்டு வந்து அந்த வீட்டம்மாவுக்குக் கொடுத்தார். முகம் மலர வாங்கிக்கொண்டாள். அவித்து எல்லாரும் சாப்பிட்டார்கள், எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. எங்கள் மண்ணில் விளைந்தது அவர்கள் அடுப்பில் வேகலாம். என் அடுப்புதான் ஆகாது.

சந்து

ஓட்டலில் பெண்களுக்கு என்று இருந்தது எடுப்புச் சாப்பாடுதான். தூக்குச்சட்டியைக் கொண்டுபோனால் சோறும் குழம்பும் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதை வாங்குவதற்கும் முன்வாசல் கிடையாது. ஓட்டலுக்குப் பின்னால் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. அதில் சமையலறைக் கதவு. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கொடுப்பார்கள்.

முன்னால் பந்தி ஓய்ந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை முடிகிற நேரமும் அதுவும் ஒன்றாக இருக்கும். மணி அடித்துவிடுமே என்று காலி தூக்கோடு நான் ஓடி வந்த நாட்கள் எத்தனையோ. ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது எழுத்தெல்லாம் அலைபோல் ஆடியது. மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசை நின்ற வருஷங்கள் அவை. சந்துக்குக் கிடைப்பது அடிச்சோறு. முன்னால் பொரியல், அப்பளம் என்று போன இலைகளை நான் எச்சில் தொட்டியில் பார்த்திருக்கிறேன். என் தூக்கில் அவை வந்ததில்லை. “அதெல்லாம் பந்திக்கு” என்பார்கள். அறைக்கு வந்து தூக்கைத் திறந்தால் சோறு குழம்பில் ஊறிக் களியாகக் கிடக்கும், ஆறிப்போய்.

ஏழெட்டு மாதம் அப்படிச் சாப்பிட்டேன். அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம். முன்வாசலில் ‘சாப்பாடு தயார்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதில் ஆண்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கவில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எழுதியிருந்ததைப் படித்தேன், உள்ளே போனேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

வாயில் சோறு

திங்கட்கிழமை ராமலிங்கம் வாத்தியார் என்னைத் தேடி வந்தார். மரத்தடியில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“எனக்கு மனசே கேக்கல டீச்சர். அந்த ஆளு பண்ணது ரொம்பத் தப்பு.”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்.”

“அந்த எடத்துல எப்படி...”

“வாயில சோறு இருந்துதா?”

அவர் முகம் கறுத்தது. அதன் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கோவிந்தசாமி மீது எனக்கு இருந்த கோபம் என்றைக்கோ ஆறிவிட்டது. அவர் தன் கடை பிழைப்பைப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சோற்றுப் பாத்தியை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ‘டீச்சர், இங்க வந்து உக்காருங்க’ என்று ஒரு வார்த்தை. அதற்கு அவருக்குச் செலவு என்ன?

அதே வாரம் ‘பெற்றோர்கள்’ என்று கையெழுத்திட்ட மொட்டைக் கடிதம் ஒன்று தலைமையாசிரியைக்கு வந்தது. ‘ஆசிரியை ஒருவர் ஆண்கள் நிறைந்த ஓட்டலில் புகுந்து ரகளை செய்தார். இவரிடம் எங்கள் பெண் பிள்ளைகள் என்ன ஒழுக்கம் கற்பார்கள்?’

அம்மையார் என்னைக் கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்டார். வேலை இன்னும் நிரந்தரமாகாத காலம். ஒரு வார்த்தை தப்பாகப் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நான் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன்: ‘பசித்தது. சாப்பிடப் போனேன்.’

“இன்னாம்மா இது? இப்படியா விளக்கம் எழுதறது?”

“நடந்தது அவ்வளவுதாங்கம்மா.”

காகிதத்தை நாலாக மடித்து மேசை டிராயருக்குள் போட்டார். கிழிக்கவில்லை. மேலே அனுப்பவும் இல்லை. அந்த மடிப்புக்குள் என் வேலை கிடந்தது.

பட்டக்காவின் களி

அந்தச் சந்துக்கு இனிப் போவதில்லை என்று வைராக்கியம். ஆனால் வைராக்கியத்தைத் தின்ன முடியாதே. மூன்று வேளையும் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினேன். சந்தை நாளன்று பட்டக்கா என்று ஒரு அம்மா சந்தை ஓரத்தில் களி விற்பாள். பெரிய சட்டியில் கேழ்வரகுக் களி உருண்டை, பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டது. சிங்கவரத்திலிருந்து மல்லாட்டை மூட்டையோடு வரும் பெண்கள், காய்கறி விற்கிறவர்கள், வண்டிக்காரர்கள் எல்லாரும் சுற்றிக் குந்திச் சாப்பிடுவார்கள். நானும் குந்தினேன்.

“டீச்சரு, இந்த எடத்துல சாப்டுவீங்களா?” என்றாள் பட்டக்கா.

“போடுக்கா, பசிக்குது.”

களியின் நடுவில் பெருவிரலால் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினாள். அந்த வருஷம் முழுவதிலும் நான் சூடாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். மூக்கில் நீர் வழிய வழிய இரண்டு உருண்டை சாப்பிட்டேன். பக்கத்தில் குந்தியிருந்த பெண் தன் கருவாட்டுத் துண்டில் பாதியைப் பிய்த்து என் தட்டில் போட்டாள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கே யாரும் ‘தனியா வர்ற பொம்பளை’ என்று சொல்லவில்லை. அங்கிருந்த பெண்கள் எல்லாருமே தனியாக வந்தவர்கள்தான். உழைத்தார்கள், பசித்தது, சாப்பிட்டார்கள். கடைத்தெருவில் எவனுக்கும் அது உறுத்தவில்லை. படிக்காத பெண்ணுக்குப் பசிக்கலாம். படித்து, வெள்ளைப் புடவை கட்டி, குடை பிடித்து நடக்கிற டீச்சருக்குப் பசிக்கக் கூடாது. இதுதான் சட்டம்.

அதற்கும் புகார் போனது. அம்மையார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ரோட்ல குந்தி களி சாப்ட்டியாமே? கருவாடு வேற. ஏம்மா லூர்துமேரி, நம்ம மரியாத இன்னா ஆகறது?”

“ஊட்ல அடுப்பு மூட்டக் கூடாது. ஓட்டல்ல உக்காரக் கூடாது. ரோட்ல குந்தக் கூடாது. நான் எங்கதாம்மா சாப்டறது? நீங்களே சொல்லுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவரும் தனியாக இருந்தவர்தான், ஆனால் அவருக்குச் சொந்த வீடு இருந்தது, சமையல்காரியும் இருந்தாள்.

வெள்ளைக்காரம்மா

உபசரிப்பு என்று எழுதினாரே அந்த வாசகர், அதை நான் ஒரு நாள் கண்ணாரப் பார்த்தேன்.

கோட்டை பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் எப்போதாவது வருவார்கள். ஒரு விடுமுறை நாளில் கடைத்தெரு வழியாக நடந்துபோகும்போது ஓட்டல் முன்னால் சிறு கூட்டம். எட்டிப் பார்த்தேன். உள்ளே நடு மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். கை இல்லாத சட்டை, கழுத்தில் கேமரா, மலையேறி வந்த முகம் சிவந்து கிடந்தது. கூட யாருமில்லை. தன்னந்தனியாக வந்திருந்தாள்.

கோவிந்தசாமி தன் தோள் துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். சப்ளையரை விசிறி எடுத்து வீசச் சொன்னார். எங்கிருந்தோ ஒரு ஸ்பூன் தேடிப் பிடித்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். அவள் ஸ்பூனைத் தள்ளிவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். உள்ளே இருந்த ஆண்களெல்லாம் சிரித்து மகிழ்ந்தார்கள். “பாத்தியா, நம்மள மாரியே சாப்டறாங்க” என்றார் ஒருவர்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். பசித்திருப்பாள். ஆனால் அன்று நான் அறைக்குத் திரும்பி மண்பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தேன்.

திரைக்குப் பின்னால்

என் விஷயம் ஊரில் அடிபட்டதாலோ என்னவோ, கோவிந்தசாமி ஒரு ஏற்பாடு செய்தார். ஓட்டலின் உள்பக்கம், ஆட்டுக்கல்லுக்கும் விறகு அடுக்கியிருந்த இடத்துக்கும் நடுவில் தட்டி கட்டி, ஒரு மேசை போட்டு, வாசலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டார். ‘பெண்கள் அறை’ என்று பலகை எழுதி மாட்டினார். ஊரே அவரைப் பாராட்டியது. எவ்வளவு முற்போக்கு!

அம்மையாருக்கும் நிம்மதி. “பாத்தியா, உன்னால ஒரு நல்லது நடந்திருக்குது. இனிமே அங்க போயி மரியாதையா சாப்டு” என்றார்.

போனேன். ஒரே ஒரு தடவை. காற்று நுழைய வழியில்லை. அடுப்புப் புகை முழுவதும் அந்தத் தட்டிக்குள்தான் வந்து தங்கியது. கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தேன். சோறு போட்டுவிட்டுப் போன சப்ளையர் ரசத்தோடு திரும்பவில்லை. திரைக்குப் பின்னால் ஒருத்தி இருப்பது அவருக்கு மறந்துவிட்டது. கூப்பிட்டால் பந்தியில் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிடாவிட்டால் சோறு காயும். பாதிச் சோற்றோடு எழுந்து வந்தேன்.

நன்றி கெட்டவள் என்று பேர் வந்தது. அவ்வளவு செய்து கொடுத்தும் இந்தம்மாவுக்குத் திருப்தி இல்லையே!

நைனாவுக்குப் போன கடிதம்

இதற்குப் பிறகு நடந்தது என்னைச் சுட்டது போல வேறெதுவும் சுடவில்லை. அம்மையார் என் நைனாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். சம்பளம் வாங்கும் ஆசிரியை நான், வயது இருபத்திரண்டு. என்னைப் பற்றிய புகார் பனமலைப் பக்கம் ஏர் உழுதுகொண்டிருந்த மனிதருக்குப் போகிறது, ‘உங்கள் மகளைக் கண்டித்து வைக்கவும்’ என்று.

நைனாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மாதா கோயில் சாமியாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து நான் திரும்பும் வரைக்கும் தெருவில் காத்திருந்தார். அறை வாசலில் செருப்பை விட்டார், உட்காரவில்லை.

“ஓட்டல்ல சண்ட போட்டியாமே?”

“போடல. இலைய எடுத்துட்டாங்க.”

“பொம்பளப் புள்ள இன்னாத்துக்கு ஓட்டல்ல போயி குந்தணும்?”

“சுத்திப் பாரு நைனா. அடுப்பு எங்கனா இருக்குதா?”

பார்த்தார். பெட்டி, பாய், பானை.

“அதான் தனியா ரூம் கட்டிக் குடுத்திருக்காராமே. பெரிய டீச்சரு எழுதியிருந்தாங்க. அனுசரிச்சிப் போயேன்.”

அனுசரித்துப் போ. அந்த வார்த்தைதான் எனக்குள் அடைத்துக்கிடந்ததையெல்லாம் உடைத்தது.

“அம்மா என்னிக்காவது உங்கூட குந்தி சாப்ட்டிருக்குதா? நீ சாப்ட்டு எழுந்தப்பறம், நாங்க சாப்ட்டப்பறம், அடுப்பு மூலையில சட்டிய வழிச்சி சாப்டும். இருந்துதா இல்லையான்னு ஒரு நாளாவது நீ கேட்டிருக்கியா? அப்பறம் உனக்கு இது எப்படிப் பெருசா தெரியும்?”

நைனாவை நான் அதற்கு முன் எதிர்த்துப் பேசியதே இல்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வா. எனக்கும் பசிக்குது. எங்க அந்த ஓட்டலு?”

என் இலையை எடுத்துக்கோ

நாங்கள் நுழைந்ததும் கோவிந்தசாமி கல்லாவிலிருந்து எழுந்து கும்பிட்டார்.

“வாங்க பெரியவரே. லேடீஸ் ரூம் இருக்குது, உள்ள போயி வசதியா குந்துங்க.”

நைனா போர்வையை விலக்கி உள்ளே பார்த்தார். புகை அவர் முகத்தில் அடித்தது. இருமினார்.

“எங்க ஊட்டு மாட்டுக் கொட்டாயில காத்தாவது வரும்பா,” என்று சொல்லிவிட்டு, வந்து நடுக்கூடத்தில் மேசையில் உட்கார்ந்தார். என்னையும் எதிரில் உட்காரச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. சப்ளையர் ஆறுமுகம் ஓடிவந்து இரண்டு இலை போட்டார், தண்ணீர் தெளித்தார். எவ்வளவு மரியாதை! நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ.

“நைனா,” என்றேன். “இந்த இல எனக்குப் போட்டதில்ல. உனக்குப் போட்டது. நீ எழுந்து போனா இத எடுத்துடுவாங்க.”

அவருக்குப் புரிய நேரமாயிற்று. என் இலையைப் பார்த்தார். கல்லாவைப் பார்த்தார். ஆறுமுகம் என் இலையில் சோறு போட்டுவிட்டு அவர் பக்கம் வாளியைக் கொண்டுபோனபோது, நைனா இலையின் மேல் கையை விரித்து மறைத்தார்.

“எனக்கு வேணாம்.”

“இன்னாங்க பெரியவரே, சாப்டாம?” கோவிந்தசாமி வந்துவிட்டார்.

நைனா எழுந்து நின்றார். ஆறடி உயரம். கூடத்தில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“எனக்குப் பசிக்கல. இவளுக்குத்தான் பசிக்குது. என் இலைய எடுத்துக்கோ. இவ இலைய தொடாத.”

அவ்வளவுதான் சொன்னார். வெளியே போய், தெருவுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார். ஓட்டலைப் பார்த்து நிற்கவில்லை, முதுகைக் காட்டி நின்றார். கோவிந்தசாமி நினைத்திருந்தால் இலையை எடுத்திருக்கலாம், நைனாவுக்குத் தெரிந்திருக்காது.

கோவிந்தசாமி என் மேசை அருகிலேயே நின்றார். நான் இடது கையை இலையின் ஓரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. குழம்பு வாளியோடு ஆறுமுகம் எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். முதலாளி என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஆறுமுகம் காத்திருக்கவில்லை. முதலாளி பக்கம் திரும்பாமலே கரண்டியை விட்டுக் கலக்கி, என் சோற்றில் ஊற்றினார்.

“சாப்டுங்க டீச்சர். ஆறிடும்.”

சாப்பிட்டேன். சிலுவை போடக்கூட மறந்துவிட்டேன். ரசம் கேட்டேன், ஊற்றினார். மறுபடியும் கேட்டேன், ஊற்றினார். மோர் வாங்கி ஊற்றிக் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்தேன். முப்பது ஜோடிக் கண்கள் என் கை இலைக்கும் வாய்க்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவசரப்படவில்லை. இலையை நானே மடித்தேன்.

பிறகு

இதைப் படித்துவிட்டு நைனாவைப் பெரிய மனிதர் என்று யாரும் எழுத வேண்டாம். அன்று ஒரு மதியம் அவர் பெரிய மனிதராக இருந்தார். எங்கள் வீட்டில் அம்மா அதற்குப் பிறகும் அடுப்பு மூலையில்தான் சாப்பிட்டாள், அவள் கண் மூடும் வரைக்கும். நானும் லீவில் போகும்போதெல்லாம் சண்டை போட்டுப் பார்த்தேன். “போடி, எனக்கு இதுதான் சவுரியம்” என்பாள். யார் அவளுக்கு அதைச் சவுகரியம் என்று பழக்கினார்கள் என்று கேட்டால் நைனா கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த நாலு மடிப்புக் காகிதம் என்ன ஆனதென்று தெரியாது. மறுநாளிலிருந்து நான் கூடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். ஒரு வாரம் எல்லாரும் முறைத்தார்கள். இரண்டாவது வாரம் அவரவர் இலையைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் ஒரு நாள் வாசலில் தயங்கி நின்றார். கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தேன். தட்டி கட்டிய அறையில் வெங்காய மூட்டை அடுக்கினார்கள். கோவிந்தசாமி கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. ‘பெண்கள் வசதியாக வந்து சாப்பிடும் ஓட்டல்’ என்று பிற்பாடு அவரே பெருமை அடித்துக்கொண்டதாகக் கேள்வி.

வாசகர் ஐயா, உங்கள் மூக்கில் நிற்கும் மணத்தை நான் கெடுத்திருந்தால், கெடட்டும்.

அன்று நான் சாப்பிட்டு வெளியே வந்தபோது நைனாவின் சட்டை முதுகெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பிக் கேட்டார்.

“இன்னா கொழம்பு ஊத்துனான்?”

யோசித்தேன். சாம்பாரா, வற்றல் குழம்பா, காய் ஏதாவது கிடந்ததா, புளித்ததா, உறைத்ததா? ஒன்றும் நினைவில்லை. கையை முகர்ந்து பார்த்தேன். கழுவியிருந்தேன்.

“தெரியல நைனா,” என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

“அப்ப நாளைக்கும் போ. ருசி பாத்து சாப்டு,” என்றார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றோடு அவர் ஏறி உட்கார்ந்தார்.